பூட்டன் பெயர் எந்தத் தாளில் இருக்கும்? மலையகக் குடும்பங்களின் 19ஆம் நூற்றாண்டுத் தடம்

2023இல், இலங்கைத் தோட்டங்களில் வேலை செய்ய இந்தியாவிலிருந்து வந்த மலையக மக்களின் 200 ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் போனார்கள். அதற்குப் பிறகு ஒரு கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது: "நம்ம ஆட்கள் எந்த வருசம் வந்தாங்க, எந்த ஊரிலிருந்து வந்தாங்க, அதை எங்கே போய்ப் பார்க்கிறது?" கேட்பவர்களில் பாதிப்பேர் மனதில் ஒரு படம் இருக்கிறது. கொழும்பில் தேசிய சுவடிகள் கூடம் என்று ஒன்று இருக்கிறது, அங்கே ஒரு பெரிய பேரேடு இருக்கும், அதில் கப்பல் பெயர், வந்த தேதி, பூட்டன் பெயர், கிராமம் எல்லாம் வரிசையாக இருக்கும் என்று. அப்படி ஒரு பேரேடு கிடையாது. அது ஏன் இல்லை என்று முதலில் புரிந்துகொண்டால், இருக்கிற தாள்களை எந்தப் பக்கத்திலிருந்து பிடிக்க வேண்டும் என்பது தானாகத் தெளிவாகிவிடும்.

மொரீசியஸ்காரருக்கு இருப்பது நமக்கு ஏன் இல்லை

மொரீசியஸ், நேட்டால், பிஜி போன்ற இடங்களுக்குப் போன தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். சென்னைத் துறைமுகத்தில் ஏறும்போதே ஆளுக்கொரு எண், தகப்பன் பெயர், கிராமம், சாதி, வயது, உடம்பில் உள்ள அடையாளம் என்று எழுதி வைத்தார்கள். 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குப் போன ஒன்றரை இலட்சம் பேருக்கும் இப்படி எண் இருக்கிறது. மொரீசியஸில் ஒரு கட்டத்துக்குப் பிறகு புகைப்படமே எடுத்தார்கள். அங்கே பிறந்த ஒருவர் அந்த எண்ணைப் பிடித்தால் நேராகக் கிராமத்துக்கே வந்துவிடலாம்.

இலங்கைக்கு வந்தவர்கள் அப்படி வரவில்லை. நடுவில் இருந்தது ஒரு குறுகிய கடல், அவ்வளவுதான். இந்தியாவிலிருந்து கூலிகள் வெளியே போவதைக் கட்டுப்படுத்திய சட்டத்திலிருந்து 1847இலேயே இலங்கைக்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள். அதனால் ஐந்து வருட ஒப்பந்தமும் இல்லை, துறைமுகத்தில் ஆள்வாரிப் பதிவும் இல்லை. கங்காணி என்கிற ஆள்சேர்ப்பு மேஸ்திரி தன் ஊரில் ஆள் சேர்த்தார், கூட்டமாகக் கடற்கரைக்கு நடந்தார்கள், தோணியில் ஏறி மன்னார்ப் பக்கம் இறங்கினார்கள், பிறகு காட்டு வழியாகத் தம்புள்ளையைத் தாண்டி மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் இறந்தவர்களைப் புதைத்த இடத்துக்கே அடையாளம் இல்லாதபோது பெயர்ப் பட்டியலை எங்கே தேடுவது?

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கோப்பிக் காலத்தில் பெரும்பாலானோர் நிரந்தரமாகக் குடியேறவில்லை. கோப்பி பழுக்கும் சில மாதங்களுக்கு வந்து, பறித்து முடித்து, ஊருக்குத் திரும்பினார்கள். வந்தவர்களில் ஆண்களே அதிகம். 1869இல் கோப்பி இலைகளில் துரு நோய் வந்து, அடுத்த இருபது வருடத்தில் கோப்பி அழிந்து, தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. தேயிலைக்குப் பருவம் இல்லை, வருடம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும், அதற்குப் பெண்களின் கையும் வேண்டும். குடும்பம் குடும்பமாக லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், தங்குவது பெருகியது அப்போதுதான். ஆகவே "எங்க ஆட்கள் 1830லேயே வந்துட்டாங்க" என்று ஒரு குடும்பம் சொன்னால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் அது ஒரே வருகை இல்லை. பூட்டன் ஏழு தடவை வந்து போயிருக்கலாம், அவர் பிள்ளைகள் இந்தியாவில் பிறந்திருக்கலாம், பேரன்தான் இங்கேயே தங்கியிருக்கலாம். இலங்கைப் பதிவேடுகளில் குடும்பங்கள் தெரிய ஆரம்பிப்பது பெரும்பாலும் 1880களுக்குப் பிறகு என்பதற்குக் காரணம் இதுதான்.

காசு போன வழியில் காகிதமும் போனது

ஆளை எழுதி வைக்கவில்லை, சரி. ஆனால் காசை எழுதி வைத்தார்கள். தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை கங்காணிக்கு முன்பணம் கொடுத்தார், கங்காணி அதை ஆட்களின் தலையில் கடனாக ஏற்றினார். இந்தக் கடன்தான் தோட்டத்துக் காகிதங்களின் உயிர். சில சொற்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்:

1. செக்ரோல்: தோட்டத்துப் பெயர்ப் பதிவேடு. யார் எத்தனை நாள் பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) வந்தார், எவ்வளவு சம்பளம், எவ்வளவு அரிசி என்று இதில் இருக்கும். 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு, செக்ரோலில் பெயர் ஏறி முன்பணமோ அரிசியோ வாங்கியவர் சட்டப்படி மாத வேலைக்காரர் என்று கணக்கு. ஆட்கள் கங்காணி வாரியாக எழுதப்பட்டிருப்பார்கள், குடும்ப வாரியாக அல்ல.

2. துண்டு: ஒரு ஆள் தோட்டம் மாற வேண்டுமானால், அவருடைய கடன் இவ்வளவு, அதைக் கட்டுகிறவர் இவரை எடுத்துக்கொள்ளலாம் என்று துரை எழுதிக் கொடுத்த சீட்டு. 1921இல் இதைச் சட்டம் போட்டுத் தடை செய்தார்கள். பழைய துண்டு ஒன்று வீட்டில் கிடைத்தால் அது தங்கம், ஏனென்றால் அதில் பழைய தோட்டமும் கங்காணியும் ஒரே தாளில் இருக்கும்.

3. தகர டிக்கெட்: 1900களின் தொடக்கத்தில் வந்தது. தோட்டத்தின் எண்ணைக் குத்திய தகரத் தகடு, வருகிறவர் கழுத்தில் தொங்கும். கவனியுங்கள், அந்த எண் முதலில் காட்டுவது தோட்டத்தை, ஆளை அல்ல. நேட்டாலுக்குப் போனவருக்கு ஒரு எண் இருந்தது, நம்மவருக்கு முதலாளியின் எண் இருந்தது.

இதிலிருந்து தேடலுக்கான விதி ஒன்று பிறக்கிறது, இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததும் அதுதான்: மலையகத்தில் 19ஆம் நூற்றாண்டு ஆளைப் பெயரை வைத்துத் தேடாதீர்கள். தோட்டத்தையும் கங்காணியையும் வைத்துத் தேடுங்கள். பெயர் கடைசியில் வரும், வந்தால்.

பெயரை நம்ப முடியாததற்கு வேறு காரணமும் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, தகப்பன் பெயரின் முதல் எழுத்துதான். எழுதியவர் ஆங்கிலத்தில் காதுக்குக் கேட்டபடி எழுதினார், ஒரே முத்துசாமி நான்கு தாளில் நான்கு விதமாக இருப்பார். துரைமார் தமிழ்த் தொழிலாளி எவரையும் "ராமசாமி" என்று பொதுவாகக் குறிப்பிட்ட காலம் அது. இன்னும் ஒன்று, வீட்டில் சின்னான், செக்ரோலில் பெருமாள் என்று இரண்டு பெயரோடு வாழ்ந்தவர்கள் ஏராளம். எந்தப் பெயர் எந்தத் தாளில் என்று அவருக்கே குழப்பம் இருந்திருக்கும்.

முதல் படி: ட்ரங்குப் பெட்டி

காப்பகத்துக்கு ஓடுவதற்கு முன் வீட்டில் உள்ள பெட்டியைத் திறக்க வேண்டும். உங்கள் வீட்டுப் பெட்டி மட்டுமல்ல, பெரியப்பா வீட்டுப் பெட்டியும், அத்தை வீட்டுப் பெட்டியும். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்குப் போன சொந்தக்காரர்கள் கூடலூரிலோ கோத்தகிரியிலோ இருந்தால் அவர்கள் பெட்டியும். போனவர்கள்தான் தாள்களைப் பத்திரமாகக் கட்டி எடுத்துக்கொண்டு போனார்கள், அது இல்லாமல் கப்பல் ஏற முடியாது. இங்கே இருந்தவர்களில் பலர் 1977, 1983 இனக்கலவரங்களில் வீட்டோடு தாளையும் எரியக் கொடுத்தார்கள்.

பெட்டியில் பார்க்க வேண்டியவை: பிறப்பு, மரணச் சான்றிதழ்கள், பிரஜாவுரிமைச் சான்றிதழ், இந்தியப் பாஸ்போர்ட், குடும்ப அட்டை, பழைய அரிசிக் கூப்பன் புத்தகம், தோட்டப் பள்ளிக்கூடத்து விடுகைப் பத்திரம், கலியாண மொய் நோட்டு. மொய் நோட்டைச் சிரித்து ஒதுக்காதீர்கள். யார் எந்தத் தோட்டத்திலிருந்து வந்து எவ்வளவு எழுதினார் என்பதில் மாமன் மச்சான் உறவு முழுவதும் இருக்கிறது.

1948இன் சட்டமும் பிறப்புச் சான்றிதழின் இரண்டு கட்டங்களும்

இங்கே கொஞ்சம் நின்று போக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டைத் தேடுகிறவனுக்கு 1948 எதற்கு என்று தோன்றும். ஆனால் மலையகத்தில் வம்ச வரலாற்றை முதன்முதலில் காகிதத்தில் தேடியவர்கள் அந்த வருடத்து மனிதர்கள்தான். ஆசைக்காக அல்ல, கட்டாயத்தால்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது என்றது. 1948 நவம்பர் 15க்கு முன் இங்கே பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரஜையாக வேண்டுமானால் தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். 1948இல் நாற்பது வயதான ஒரு தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். அவருடைய தகப்பன் 1880களில் பிறந்தவர், பூட்டன் 1830களில். தீவு முழுவதற்குமான பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்ததே 1867இல்தான், அதுவும் தோட்டங்களில் நடைமுறைக்கு வர வெகுகாலம் எடுத்தது. இல்லாத பதிவேட்டிலிருந்து சான்றிதழ் கொண்டு வா என்று சட்டம் கேட்டது.

அடுத்த வருடம் 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் வந்தது. தொடர்ந்து இங்கே வசித்ததை நிரூபித்தால் பிரஜையாகப் பதியலாம் என்றது. 1946 சனவரி 1க்கு முன், மணமானவருக்கு ஏழு வருடம், மற்றவருக்குப் பத்து வருடம் வசித்திருக்க வேண்டும். 1951 ஆகஸ்ட் 5க்குள் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட ஆட்களுக்காக விண்ணப்பம் போனது. ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள் சுமார் 1,34,000 பேர். அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஆனால் வரலாறு தேடுகிறவருக்கு இந்த அநியாயம் ஒரு குவியலை விட்டுப் போயிருக்கிறது. எந்தத் தோட்டத்தில் எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை, மனைவி யார், பிள்ளைகள் யார், ஊருக்குப் போய் வந்தது எப்போது என்று ஒவ்வொரு விண்ணப்பத்திலும் எழுத வேண்டியிருந்தது. நிராகரிக்கப்பட்டவர்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அந்தத் தீர்ப்புகளில் பல, சட்ட அறிக்கைத் தொகுதிகளில் முழுப் பெயரோடு அச்சாகியிருக்கின்றன. தொழிலாளியின் வாழ்க்கை அச்சில் ஏறிய மிகச் சில இடங்களில் அதுவும் ஒன்று.

1948 சட்டத்தின் நிழல் பிறப்புச் சான்றிதழிலும் விழுந்திருக்கிறது. சுதந்திரத்துக்குப் பிந்திய மாதிரிப் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். பெற்றோர் விவரத்துக்குக் கீழே, பாட்டன் இலங்கையில் பிறந்தவரானால் அவருடைய பெயர், பிறந்த வருடம், இடம் என்று ஒரு கட்டம் இருக்கும். அதற்கு அடுத்து, தகப்பன் இலங்கையில் பிறக்காமல் பூட்டன் இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய விவரம் என்று இன்னொரு கட்டம். பலருடைய சான்றிதழில் இரண்டிலும் ஒரு கோடு மட்டும் இழுத்திருக்கும். ஆனால் நிரப்பியிருந்தால், 1950களில் பிறந்த ஒரு குழந்தையின் தாளில் 1880களில் பிறந்த ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பார். குடும்பத்தில் உள்ள அத்தனை அண்ணன் தம்பி, பெரியப்பா மக்களின் சான்றிதழையும் சேர்த்துப் பாருங்கள். ஒருவருக்குக் கோடு இழுத்த கிளார்க்கர் இன்னொருவருக்கு நிரப்பியிருப்பார்.

ஒரு மாதிரிக் குடும்பம்

இந்தக் கட்டத்தை எப்படி வாசிப்பது என்று ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்துப் பார்ப்போம்.

1956இல் பொகவந்தலாவைப் பக்கம் பிறந்த ஒருவரின் சான்றிதழில் பாட்டன் கட்டத்தில் "வீரன், 1889, டிக்கோயா" என்று இருக்கிறது. சந்தோசம். உடனே 1889 பிறப்புப் பதிவைத் தேடச் சொன்னால் பிரதேச செயலகத்தில் இல்லை என்று பதில் வருகிறது. முன்னும் பின்னும் மூன்று வருடம் தேடினாலும் இல்லை. அப்புறம் மாமா வீட்டுப் பெட்டியில் வீரனின் மரணச் சான்றிதழ் கிடைக்கிறது: 1941, வயது 65. அப்படியானால் அவர் பிறந்தது 1876 வாக்கில். பதின்மூன்று வருடம் இடிக்கிறது. வீட்டில் கிழவி சொன்ன கதையோ, "தாது வருசப் பஞ்சத்துல கைக்குழந்தையோட வந்தாங்க" என்பது.

எது சரி? ஒவ்வொரு தாளும் எதற்காக எழுதப்பட்டது என்று கேட்க வேண்டும்.

1. மரணச் சான்றிதழ் வயதைச் சொன்னவர் பக்கத்துக் காம்பராக்காரராகவோ (லயத்தில் பக்கத்து அறைக்காரர்) கங்காணியாகவோ இருக்கலாம். 60, 65, 70 என்று முழு எண்ணாக வரும் வயதுகள் எல்லாம் உத்தேசம். ஆனால் அதில் பொய் சொல்ல யாருக்கும் காரணம் இல்லை.

2. 1956 கட்டத்தில் பாட்டன் "இங்கே பிறந்தவர்" என்று எழுத மிகப் பெரிய காரணம் இருந்தது. பிள்ளையின் நாடு அதில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எழுதச் சொன்ன தகப்பனை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வரியை ஆதாரம் என்று எடுக்காமல், ஒரு வாதம் என்று எடுக்க வேண்டும்.

3. தாது வருடம் என்பது 1876–77, அதுதான் சென்னை மாகாணத்தைக் கொன்ற பெரும்பஞ்சத்தின் தொடக்கம். கிழவியின் கதை மரணச் சான்றிதழோடு பொருந்துகிறது. ஒரே எச்சரிக்கை, தமிழ் வருடங்கள் அறுபது வருடத்துக்கு ஒருமுறை சுற்றி வரும், 1936–37உம் தாதுதான். பஞ்சம் என்ற சொல் இருப்பதால்தான் இங்கே முந்தியது என்கிறோம்.

ஆக, வீரன் கைக்குழந்தையாக இந்தியாவிலிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். "டிக்கோயா" என்ற சொல் மட்டும் அப்படியே நிற்கிறது, ஏனென்றால் அதை மாற்ற யாருக்கும் அவசியமில்லை. ரயில் 1874இல் நாவலப்பிட்டி வரை வந்துவிட்டது, அதற்கு மேலே நடைதான். அந்தக் காலத்தில் டிக்கோயா, மஸ்கெலியாப் பக்கம் காடு வெட்டிக் கோப்பி போட்டுக்கொண்டிருந்தார்கள், ஆள் தேவை இருந்தது. கதை, வரைபடம், ரயில் மூன்றும் ஒத்துப்போகின்றன. இதற்கு மேல் போக வேண்டுமானால் டிக்கோயாவில் எந்தத் தோட்டம் என்று தெரிய வேண்டும்.

தோட்டத்தைக் கண்டுபிடிப்பது

இதில்தான் பலர் வழுக்குகிறார்கள். ஒரு தோட்டத்துக்கு ஒரு பெயர் இல்லை. துரை ஸ்கொட்லாந்திலிருந்து கொண்டுவந்த பெயர் ஒன்று, சிங்களக் கிராமத்துப் பெயர் ஒன்று, நம்மாட்கள் வைத்த தமிழ்ப் பெயர் ஒன்று. தமிழ்ப் பெயர் பெரும்பாலும் முதல் துரையின் பெயரிலிருந்தோ மலை, ஆறு, மரம் என்று கண்ணில் பட்டதிலிருந்தோ வந்திருக்கும், எழுத்துப் பதிவில் அது வராது. பாட்டி சொன்ன பெயரை அப்படியே வரைபடத்தில் தேடினால் கிடைக்காது, அந்தப் பக்கத்து வயதானவர் ஒருவரைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

கோப்பி அழிந்தபோது பல தோட்டங்கள் கைமாறின, பக்கத்துத் தோட்டத்தோடு சேர்ந்தன, சில காடாகின. பழைய பெயர் அநேகமாக இன்று ஒரு டிவிசனின் (தோட்டத்தின் உட்பிரிவின்) பெயராக ஒளிந்திருக்கும். ஆகவே தோட்டப் பெயர்களை மட்டும் பார்க்காமல் டிவிசன் பெயர்களையும் பாருங்கள்.

உதவிக்கு ஒரு நல்ல மூலம் உண்டு. பெர்குசன் நிறுவனம் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் வெளியிட்ட இலங்கை டைரக்டரி. மாவட்ட வாரியாக ஒவ்வொரு தோட்டமும், சொந்தக்காரர், மேலாளர், எத்தனை ஏக்கர், என்ன பயிர் என்று அதில் இருக்கும். ஒரு தொழிலாளியின் பெயர்கூட அதில் இராது, ஆனால் துரையின் பெயர் இருக்கும். வீட்டுக் கதையில் "அந்தத் துரை காலத்துல" என்று ஒரு துரை வருவார், அந்தப் பெயரை டைரக்டரியில் பிடித்தால் வருடம் கிடைத்துவிடும். தமிழ் வாயில் நசுங்கிய ஆங்கிலப் பெயரை மீட்க வேண்டியிருக்கும், அது ஒரு தனி விளையாட்டு.

பழைய செக்ரோல்களைப் பற்றிப் பெரிய நம்பிக்கை வைக்காதீர்கள். 1975இல் கம்பெனித் தோட்டங்களை அரசு எடுத்தது, 1992இல் மறுபடி தனியாருக்குக் குத்தகைக்குப் போனது, ஒவ்வொரு கைமாற்றத்திலும் அலுவலக அறை துப்புரவு செய்யப்பட்டது. இருந்தாலும் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

ஓடிப்போனவர்களும் ஞானஸ்நானம் பெற்றவர்களும்

இனி நேரடியாகப் பெயர் கிடைக்கக்கூடிய பதிவுகள்.

1. நீதிமன்றம். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, மாத முன்னறிவித்தல் கொடுக்காமல் தோட்டத்தை விட்டுப் போவது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். கடன் தாங்காமல் இரவோடு இரவாக ஓடியவர்கள்மேல் பிடியாணை எடுத்தார்கள், வழக்குப் போட்டார்கள். வாய் பேசாமல் முப்பது வருடம் கோப்பி பறித்தவர் ஒரு தாளிலும் இல்லை, ஓடியவர் பெயர், தோட்டம், கங்காணி, தேதி எல்லாவற்றோடும் இருக்கிறார். அரசு காகிதத்தில் ஏறுவதற்கு அப்போது நிச்சயமான வழி அடங்காமல் இருப்பதுதான்.

2. கங்காணியின் கடன் வழக்குகள். பெரிய கங்காணிகள் செட்டியார்களிடம் புரோநோட்டு எழுதிக் கடன் வாங்கினார்கள், கட்டாதபோது வழக்கு வந்தது. காசு சேர்த்தவர்கள் காணி வாங்கினார்கள். 1840 முதல் காணி கைமாற நொத்தாரிசு எழுதிய உறுதி (காணிப் பத்திரம்) கட்டாயம் என்பதால், உறுதி காணிப் பதிவகத்தில் இருக்கும். நீங்கள் கங்காணி வம்சம் இல்லாவிட்டாலும் இது உங்களுக்குத் தேவை. கங்காணி ஆள் சேர்த்தது தன் ஊரிலும் அக்கம் பக்கத்திலும், தன் சொந்தக்காரர்களிலும் தெரிந்தவர்களிலும். அவருடைய ஊர் தெரிந்தால் உங்கள் ஊருக்கு நாலு மைல் தூரத்துக்கு வந்துவிட்டீர்கள்.

3. தேவாலயம். தோட்டத் தமிழர்களுக்கென்றே 1854இல் ஒரு அங்கிலிக்கன் மிஷன் தொடங்கியது. கத்தோலிக்கக் கோயில்களும் மெதடிஸ்த சபைகளும் இருந்தன. ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளில் பெற்றோர் பெயர், சாட்சிகள், ஞானத்தாய் தகப்பன் பெயர் வரும். அரசுப் பதிவைவிட இவை பல இடங்களில் மேல். குடும்பம் இன்று சைவமாக இருந்தாலும் ஒரு தலைமுறை நடுவில் மாறித் திரும்பியிருக்கக்கூடும், அதை வீட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள். கேட்டுவிடுங்கள்.

குடிசன மதிப்பீட்டில் நேரத்தை வீணாக்க வேண்டாம். தீவு முழுவதற்குமான முதல் கணக்கெடுப்பு 1871, பிறகு பத்து வருடத்துக்கு ஒன்று. அச்சிட்ட தொகுதிகளில் எண்ணிக்கை மட்டுமே உண்டு, பெயர் கிடையாது. இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று பிரித்து எண்ணத் தொடங்கியதே 1911இல்தான் என்பதை மட்டும் மனதில் வையுங்கள், அதற்கு முந்தைய தாளில் "இந்தியத் தமிழர்" என்ற கட்டத்தைத் தேடி ஏமாறாமல் இருக்கலாம்.

பிரதேச செயலகத்தில் கேட்கும்போது

பிறப்பு, இறப்புப் பதிவின் இலக்கம் தெரியாவிட்டாலும், பெயர், இடம், உத்தேச வருடம் சொல்லித் தேடச் சொல்லலாம். இன்றைய நிர்வாக எல்லையும் பழைய பதிவுப் பிரிவும் ஒன்றல்ல, நுவரெலியாவில் இல்லாதது கண்டியில் இருக்கலாம். குழந்தைக்குப் பெயர் வைக்காமலே பதிந்த பிறப்புகள் தோட்டங்களில் நிறைய. ஆகவே பிள்ளையின் பெயரை மட்டும் கொடுக்காமல் தகப்பன், தாய் பெயரைக் கொடுத்துத் தேடுங்கள். தாய் பெயர் முக்கியம், பெருமாள் மகன் ஆயிரம் பேர், ஆனால் பெருமாளுக்கும் சிவனம்மாவுக்கும் பிறந்தவர் சிலர்தான். வீட்டில் இருப்பது "உத்தேச வயதுச் சான்றிதழ்" என்றால், பிறப்புப் பதிவு தேடிக் கிடைக்காததால் கொடுத்தது அது, அதில் உள்ள தேதியைப் பிறந்த தேதி என்று நம்பிக் கிளை வரையாதீர்கள்.

கடலுக்கு அந்தப் பக்கம்

தோட்டம், கங்காணி, சுமாரான வருடம் மூன்றும் கையில் வந்த பிறகுதான் திருச்சி, மதுரை, சேலம், தஞ்சாவூர், இராமநாதபுரம், புதுக்கோட்டை என்று போவது உருப்படியான வேலை. அங்கேயும் அரசுப் பதிவு பெரிதாகக் கைகொடுக்காது. கிராமத்து நிலப் பதிவுகள் நிலம் உள்ளவனைத்தான் எழுதின, நிலம் இருந்தால் அநேகம் பேர் கண்டிச் சீமைக்கு நடந்திருக்க மாட்டார்கள்.

அங்கே குலதெய்வத்தைக் கேளுங்கள். மலையகத்தில் தோட்டத்து மாரியம்மன் எல்லாருக்கும் பொது, குலதெய்வம் அப்படி இல்லை, அது ஒரு குறிப்பிட்ட ஊரின் ஒரு குறிப்பிட்ட மரத்தடியில் உட்கார்ந்திருக்கும். மொட்டை போடும்போதும் காது குத்தும்போதும் வீட்டில் சொல்லும் சாமி பெயரை முழுதாக, அடைமொழியோடு எழுதி வாங்குங்கள், அடைமொழியில்தான் பெரும்பாலும் ஊர் இருக்கும். இரண்டு மூன்று ஊரில் அதே சாமி இருந்தால் கங்காணியின் ஊருக்குப் பக்கத்தில் உள்ளதை முதலில் பாருங்கள். அந்தக் கோயிலில் வருடம் ஒருமுறை வரி வசூலிக்கும் பங்காளிகள் இருப்பார்கள், அவர்களிடம் ஒரு தலைக்கட்டு நோட்டு (குடும்பக் கணக்கு) இருக்கும். "கண்டிக்குப் போனவன் வகையறா" என்று ஒரு வரி அதில் இருக்கிறதா என்று கேளுங்கள், நோட்டில் இல்லாவிட்டால் யாராவது ஒரு கிழவரின் வாயில் இருக்கும்.